மூன்றாவது பாயிண்ட்

ஜனவரி 5, திங்கள்

கட்சி டைரி வந்துவிட்டது. முதல் நாற்பது பக்கம் தலைவர் படம், அதற்கப்புறம்தான் தேதி. முப்பத்தொரு வருஷமாக இதில் நான் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: எந்த ஊரில் பேசினேன், யார் தலைமை, கூட்டம் எவ்வளவு. இந்த வருஷம் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கூடுதல் வேலை கொடுத்திருக்கிறார். தவமணியின் எடை, குடித்த தண்ணீர், கால் வீக்கம் எல்லாம் தினமும் எழுதி வைக்க வேண்டுமாம்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய பேச்சாளராமே, எழுதிக் குடுப்பாருல்ல?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். இவள், "பேச வரும் டாக்டர், எழுத வருமான்னு இனிமேத்தான் பாக்கணும்" என்றிருக்கிறாள். இரண்டு கிட்னியும் போய்ப் பதினாலு மாசமாகிறது. உடம்பு பாதியாகிவிட்டது. வாய் மட்டும் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரியே இருக்கிறது.

எடை 47.4. தண்ணீர் முக்கால் லிட்டர். கால் பரவாயில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

காலை 5.10 பஸ். இடம் கிடைத்தது. வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி. பெரியாஸ்பத்திரிக்குப் போக நாற்பத்தெட்டு கிலோமீட்டர், மெஷினில் நான்கு மணி நேரம், திரும்ப நாற்பத்தெட்டு.

பஸ் எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகிறது. அதன் பின்பக்கம் ஒரு புது அறை. உள்ளே நான்கு டயாலிசிஸ் மெஷின்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கின்றன. ஓட்ட ஆளில்லை. ஆள் போட வேண்டுமென்றால் சட்டசபையில் மருத்துவ உரிமை மசோதா நிறைவேற வேண்டும். அது ஒன்றரை வருஷமாக, மசோதாவை ஆராய இரண்டு கட்சி எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்துப் போட்ட தேர்வுக் குழுவில் கிடக்கிறது. கிடப்பதற்கு எதிர்க்கட்சிதான் காரணம் என்று நானே அறுபது மேடையிலாவது முழங்கியிருப்பேன்.

தவமணி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "இங்கன்னா நம்ம வீட்டுலேருந்து நடந்தே வந்துரலாம், இல்லீங்க?" என்றாள். நான் கண்டக்டரிடம் சில்லறை கேட்டேன்.

பெரியாஸ்பத்திரி பெஞ்சில் 'கனல்' வேந்தன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர், எதிர்க்கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர். மேடையில் அவர் என்னை 'கூலிக்குக் கூவும் சேவல்' என்பார். நான் அவரை 'அணைந்துபோன கனல்' என்பேன். இருபது வருஷமாக இப்படித்தான். அவர் மனைவி லோகாம்பாளுக்கும் போன மாசத்திலிருந்து இதே மூன்று நாள், தவமணிக்குப் பக்கத்துக் கட்டில். சர்க்கரையில் கண்பார்வையும் பாதி போய்விட்டது. கையைப் பிடித்துத்தான் கூட்டி வர வேண்டும். ஒரே மகன் மஸ்கட்டில் இருக்கிறான்.

"போன வாரம் எங்க தலைவரை என்னமோ சொன்னியாம்லண்ணே?" என்றார்.

"சொன்னேன். டீக்குச் சீனி போடச் சொல்லவா, வேணாமா?"

"நல்லாப் போடச் சொல்லு. வயித்தெரிச்சலாவது அடங்கட்டும்."

ஜனவரி 9, வெள்ளி

சந்தைப்பேட்டை. ஒன்றியச் செயலாளர் துரைப்பாண்டி தலைமை. நல்ல கூட்டம்.

தலைமையிலிருந்து மசோதா பற்றித் துண்டுச் சீட்டு வந்திருந்தது. அதிலுள்ள பாயிண்ட்டை மட்டும் சொன்னால் ஜனம் கொட்டாவி விடும். அதனால் நானாக ஒன்று சேர்த்தேன். "ஒரு தாய்! வாரம் மூன்று நாள், விடிவதற்கு முன்னே பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். கையிலே சோற்றுப் பொட்டலம் இல்லை, தண்ணீர் குடிக்க அனுமதி இல்லை. அந்தத் தாயின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வந்த இயந்திரத்தைப் பூட்டி வைத்தது யார்?" என்று கேட்டு நிறுத்தினேன். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். துரைப்பாண்டி மேடையிலேயே என் கையைப் பிடித்து, "அண்ணே, இத எல்லா ஊர்லயும் சொல்லுங்க" என்றார்.

பெயர் சொல்லவில்லை. யார் என்று யாருக்கும் தெரியாது.

எடை 48.0.

ஜனவரி 10, சனி

பெஞ்சில் வேந்தன் சட்டைப் பையிலிருந்து மாத்திரைச் சீட்டு எடுக்கும்போது அவர் கட்சியின் துண்டுச் சீட்டும் சேர்ந்து வந்தது. "பாத்துக்க" என்று என்னிடமே நீட்டினார். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். அட கடவுளே! 'தேர்வுக் குழுவின் ஒன்பது கூட்டங்கள் அவர்களால் பாழாயின' என்று இரண்டிலும் அதே வரி. 'மக்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்', அதுவும் இரண்டிலும். நாங்கள் அவர்கள் வருவதில்லை என்கிறோம், அவர்கள் நாங்கள் கூட்டுவதில்லை என்கிறார்கள். மற்றபடி வித்தியாசமே இல்லை.

"ஒரே ஆளே ரெண்டு பக்கத்துக்கும் எழுதித் தர்றானோ?" என்றார் வேந்தன். சிரித்ததில் சிஸ்டர் எஸ்தர் வந்து, "இது ஆஸ்பத்திரி சார், பொதுக்கூட்டம் இல்ல" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே தவமணியும் லோகாம்பாளும் உப்பில்லாத ரசத்தில் எலுமிச்சை எப்போது பிழிவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பஸ்ஸில் எங்கள் இரண்டு பேரோடு டிரைவர், கண்டக்டர். சிஸ்டர் எஸ்தர் எல்லாக் கட்டிலுக்கும் கரும்பைக் காட்டிவிட்டு, "பாத்துக்கங்க, திங்கக் கூடாது" என்றாள்.

எடை 47.8.

ஜனவரி 20, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். சந்தைப்பேட்டைப் பேச்சு யாரோ எடுத்த வீடியோவாகச் சிஸ்டர் எஸ்தரின் போனுக்கு வந்திருக்கிறது. அவள் பெருமையாகத் தவமணிக்குப் போட்டுக் காட்டிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமென்று நினைத்துத் தயாராக இருந்தேன். பிறகு, "நல்லாத்தான் பேசுறீங்க. எனக்கே அழுகை வந்துச்சு" என்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே, "ஏங்க, அந்தம்மாவுக்குப் புருஷன் கிருஷன் யாரும் இல்லையா? கதையில ஆளக் காணோமே?" என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளாத்தூர் இடைத்தேர்தல் பிரச்சாரம், ஒரு வாரம் வெளியூர் என்று அவளிடம் சொல்ல இருந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

சொன்னேன். "போயிட்டு வாங்க. பஸ்ஸு என்னைய நல்லாத் தெரிஞ்ச பஸ்ஸுதான்" என்றாள். ஆஸ்பத்திரி போய் வந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். தினமும் பண்ணச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 28, புதன் (வெள்ளாத்தூர்)

லாட்ஜில் கொசு. குளியலறைக் குழாயில் தண்ணீர் இல்லை.

மாலை நான்கு மணிக்கு டீக்கடையில் வேந்தனைப் பார்த்தேன். நேற்று லோகாம்பாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு இன்று காலைதான் இங்கே வந்தாராம். "ஒரு கூட்டந்தாண்ணே. பேசி முடிச்சதும் வண்டியப் புடிச்சுருவேன். காலையில அவளக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

ஆறு மணிக்குத் தேரடி முக்கில் அவர், பஜார் முக்கில் நான். ஒருவர் குரல் இன்னொருவருக்குத் தெளிவாகக் கேட்கும். மசோதாவைக் கொன்றதே எங்கள் கட்சிதான் என்று அவர் பிடி பிடியென்று பிடித்தார். என் கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. விடுவேனா? "நாளை மாலை இதே பஜார் முக்கிலே நான் ஆதாரத்தோடு நிற்பேன். கனல் என்று பேர் வைத்தவருக்குச் சூடு சொரணை இருந்தால் நாளைக்கும் இருந்து பதில் சொல்லட்டும்! ஓடிப் போய்விடக் கூடாது!" என்று சவால் விட்டேன். விசில் பறந்தது. போன கூட்டம் அப்படியே திரும்பி வந்தது. துரைப்பாண்டிக்கு வாயெல்லாம் பல்.

ஜனவரி 29, வியாழன்

நான் ஆதாரத்தை அடுக்கி முடித்ததும் சவாலை ஏற்று வேந்தன் பேசினார். 'பதிலடிப் பொதுக்கூட்டம்' என்று காலையிலேயே தட்டி வைத்துவிட்டார்கள். இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. நாளை என் பதில்.

தவமணி போனில் பேசினாள். தனியாகப் போய் வந்துவிட்டாளாம். லோகாம்பாள் வரவில்லையாம். பக்கத்து வீட்டுப் பெண் கூட்டி வருவதாக ஏற்பாடு, அவள் குழந்தைக்குக் காய்ச்சலாம்.

ஜனவரி 31, சனி

நேற்று நான், இன்று மறுபடியும் அவர். இந்த மாதிரிக் கூட்டத்தை வெள்ளாத்தூர் பார்த்ததில்லை என்கிறார்கள்.

லோகாம்பாள் இன்றைக்கும் வரவில்லையாம். "அவருகிட்டச் சொல்லுங்க. ரெண்டு தடவ விட்டா ஒடம்பு தாங்காது" என்றாள் தவமணி. சொல்லத்தான் நினைத்தேன். அவரைச் சுற்றி ஆள், என்னைச் சுற்றி ஆள். இவ்வளவு சண்டைக்கு நடுவில் எதிர்முக்குக்கு நடந்து போனால் என்ன நினைப்பார்கள்?

தவமணி எடை கேட்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

துரைப்பாண்டி காரில் ஊர் திரும்பினேன். வழியெல்லாம் அரட்டை. என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தோம். வேந்தன் பேச்சும் வந்தது, அவர் வீட்டு நிலைமையும் வந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

லோகாம்பாள் இறந்துவிட்டார்.

விடிகாலையில் மூச்சு முட்டியிருக்கிறது. பக்கம் என்று எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். டியூட்டி டாக்டர் பார்த்ததும், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உடனே மெஷினில் போடணும், பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் பாதி தூரம்கூடப் போகவில்லை. அந்த நான்கு மெஷினும் அவரைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து முப்பது அடியில் இருக்கின்றன.

எங்களுக்குத் தெரியாது. 5.10 பஸ்ஸில் போய்விட்டோம். சிஸ்டர் எஸ்தர்தான் வந்து சொன்னாள். தவமணி கையில் ஊசியோடு அப்படியே கிடந்து அழுதாள். கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

கரைவேட்டியை விட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வேந்தன் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "கூட்டம் நல்லா இருந்துச்சுல்லண்ணே வெள்ளாத்தூர்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஊரெல்லாம் லோகாம்பாள் படம் போட்டுப் போஸ்டர். 'மசோதாவை முடக்கிய ஆளுங்கட்சியே, இந்த உயிருக்குப் பதில் சொல்!' வேந்தனைக் கேட்டுத்தான் ஒட்டினார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அவர் வேண்டாமென்று சொல்லும் நிலையில் இல்லை.

மதியம் எங்கள் சீட்டு வந்தது. மூன்றாவது பாயிண்ட்: 'இறந்த அம்மையார் தொடர்ந்து இருமுறை சிகிச்சைக்கே செல்லவில்லை. அழைத்துச் செல்ல வேண்டிய கணவரோ எதிர்க்கட்சி மேடையில் நம்மைத் திட்டிக்கொண்டிருந்தார்.'

இது எப்படித் தலைமைக்குப் போயிற்று என்று துரைப்பாண்டியிடம் கேட்டேன்.

"என்னண்ணே, நீங்க கார்ல சொன்னதுதானே? மேல சொன்னேன், சபாஷுன்னாங்க. நீங்களே சொன்னாத்தான் எடுபடும்ணே. அவரோட பழக்கமுள்ள ஆளு."

பேச்சுவாக்கில் சொன்னது. முப்பத்தொரு வருஷமாக யார் வீட்டில் எது நடந்தாலும் அது மேடைக்கு ஆகுமா என்றே பார்த்துப் பழகிய புத்தி. காரில் இருந்தவன் சிரித்தானென்று நானும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன்.

சாயங்காலம் சந்தைப்பேட்டையில் கூட்டம். ஒரே ஒரு வரிதான். வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். கைதட்டினார்கள்.

பிப்ரவரி 7, சனி

தவமணி 5.10 பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

எழுப்பினேன். விழித்துத்தான் இருந்தாள். நேற்றைய பேச்சின் வீடியோ அவளுக்கும் வந்துவிட்டது. "ரெண்டு தடவ போகலன்னு சொன்னீங்கல்ல? நானும் ரெண்டு தடவ போகாம இருந்து பாக்குறேன். உங்களுக்கு இன்னொரு பாயிண்டு கெடைக்கும்ல" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டிருக்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எடை பார்க்க விடவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு இரைக்கிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறாள். ஓசூரிலிருந்து மகள் போனில் அழுகிறாள். இவள் அவளிடம் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள்.

பயமாக இருக்கிறது. எனக்கு இவளை விட்டால் யாரும் இல்லை. இதை எழுதி வைப்பதில் வெட்கமொன்றும் இல்லை.

கெஞ்சினேன். கடைசியாக வாயைத் திறந்தாள். "மேடையில சொன்னத அவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வாங்க. அப்பறம் வர்றேன்."

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கே வேந்தன் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் லோகாம்பாளின் புடவைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். இறந்த அன்றைக்குக் காய்ந்தவை, யாரும் எடுக்கவில்லையாம். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் குறிப்பில்லாமல் மூன்று மணி நேரம் பேசியவன் நான். அங்கே எனக்கு இரண்டு வரிதான் வந்தது.

"வேந்தா, ரெண்டு தடவ விட்டத எங்க ஆளுககிட்டச் சொன்னது நாந்தான். மேடையில சொன்னதும் நாந்தான்" என்றேன்.

"தெரியும்ணே. வேற யாருக்குத் தெரியும் அது?" அவர் புடவையைத்தான் பார்த்தார். "பொய்யாச் சொல்லியிருந்தா வந்து ஒன் சட்டையப் புடிச்சிருப்பேன். நெசத்தச் சொல்லிட்டியே, நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"அது மட்டும் இல்ல. நீ அன்னிக்கு ஊருக்குப் போகணும்னு டீக்கடையில எங்கிட்டச் சொன்ன. தெரிஞ்சுதான் சவால் விட்டேன். கூட்டம் அந்தப் பக்கம் போகுதேன்னு விட்டேன்."

இதைச் சொல்ல நான் போகவில்லை. இந்த டைரியில்கூட இரண்டையும் சேர்த்து இப்படி எழுதவில்லை. தானாக வந்துவிட்டது.

வேந்தன் கொடியிலிருந்து அடுத்த புடவையை எடுத்தார். பிறகு, "நீ சவால் விட்டதுக்காகவாண்ணே தங்குனேன்? கட்சிகூடப் போகச் சொல்லிருச்சு. வீட்ல சொகமில்லன்னா போங்க, வேற ஆளப் போடுறோம்னாங்க. நாந்தான் மாட்டேன்னேன். மறுநாளும் அம்புட்டு ஜனம் வரும்ல" என்றார். சொல்லிவிட்டுப் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் நின்று அழுதேன்.

கிளம்பும்போது, "மதினி சனிக்கிழமை போனாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்காகப் போகவில்லை என்றும் சொன்னேன். அவ்வளவுதான், மனுஷனுக்கு வந்ததே கோபம்! "அறிவு கெட்டவனே, இத மொதல்ல சொல்றதில்லையா?" என்று என்னை நெட்டித் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். யார் வீட்டு வண்டியையோ எடுத்து வந்தார். காரின் முன்மூக்கில் அவர்கள் கட்சிக் கொடி பறந்துகொண்டிருந்தது.

எங்கள் வாசலில் நின்று, "மதினி, இவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. சொல்லாததையும் சொல்லிட்டாரு. ஏறுங்க வண்டியில" என்றார். தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுபோய் உட்கார வைத்தோம்.

பெரியாஸ்பத்திரியில் சிஸ்டர் எஸ்தர் எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆறு கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. திங்கட்கிழமை எங்கள் முறை இல்லை. எங்கேயோ இடம் பண்ணி மெஷினில் போட்டாள். இரண்டாவது மணி நேரத்தில் தவமணிக்குப் பிரஷர் சரசரவென்று இறங்கியது. கண் மேலே செருகியது. இரண்டு நர்சுகள் ஓடி வந்து கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார்கள், சலைன் ஏற்றினார்கள். "பேசிக்கிட்டே இருங்க சார், தூங்க விடாதீங்க" என்றாள் எஸ்தர். என்ன பேசினேனென்று ஞாபகம் இல்லை. அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கால் மணி நேரம். பிறகு மெல்ல ஏறியது. உடனே கெண்டைக்காலில் பிடிப்பு வந்து துடித்தாள். நான் தரையில் உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் துரைப்பாண்டியின் போன். விஷயம் வேந்தன் பேசிவிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது: மாலை வெள்ளாத்தூரில் தலைவரே வருகிறார், தேர்வுக் குழுவுக்கு இன்னும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டார்களாம், அதற்கு எதிர்க்கட்சிதான் காரணம் என்று தலைவர் முன்னால் நான் பிளந்து கட்ட வேண்டுமாம், இரண்டு மணிக்குக் கார் வீட்டுக்கு வருமாம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் இரண்டு கையும் அவள் காலில் இருந்தன. வேந்தன் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சொல்லுங்க... இல்ல, நான் வேந்தன் பேசுறேன்... ஆமாய்யா, அதே கனல்தான்... ஒங்க ஆளக் கடத்தல்லாம் இல்லய்யா, சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்ல, கூட இருக்காரு... இல்ல, சாயங்காலமும் வர மாட்டாரு... யாரப் போடுறதா? அத எங்கிட்டக் கேட்டா?"

கட்டிலில் தவமணியின் உதடு அசைந்தது. சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். குனிந்தேன்.

"யாரு போன்ல?"

"துரைப்பாண்டி. தலைவர் வர்றாராம். வரச் சொல்றாரு."

"என்ன சொன்னீங்க?"

"வரலன்னு சொல்லியாச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து மற்றொரு காலையும் மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இந்தக் காலும் வலிக்குது" என்றாள்.